வந்த நோய் மீளவும் வருமோ?

அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை காணாது என்பது நம் நாட்டு மூதாட்டியர் பலரும் கூறும் மொழி. மேனாட்டு வைத்திய நூல் கற்கத் தொடங்கிய இளைஞர் சிலர் பாட்டிமார் கூறுவன யாவும் பொய்யெனக் கொள்ளும் இயல்பினர். இம்மொழியோ அவ்வாறு எளிதில் தள்ளத்தக்கதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு 430 ஆண்டுகட்கு முன் ஆதென்ஸ் நகரை ஒரு கொள்ளைநோய் வாட்டியபோது, அதனின்று பிழைத்தவர்களே அஞ்சாது பிறர்க்குப் பணிவிடை புரிந்தனர் என்றும், ஒருமுறை பற்றியவரை அந்நோய் மறுமுறை பற்றிக் கொன்றதில்லை என்றும் துசிடிடீஸ் என்னும் கிரேக்க சரித்திராசிரியர் எழுதிவைத்தார்.

இதனினும் தெளிவானதொரு சான்று வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபேரோ தீவுகளிலிருந்து கிடைத்தது. அத்தீவுகளில் 1781-ஆம் ஆண்டில் மணல்வாரி அம்மை பரவிற்று. பின்னர் 65 ஆண்டுகள் அந்நோய் அங்குத் தலைகாட்டவேயில்லை. 1846-இல் கப்பல் வழியே மீண்டும் புகுந்தபோது, ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேர் வரை நோயுற்றனர். அரசினரால் அனுப்பப்பட்ட பானும் என்னும் இளம் மருத்துவர் வீடுதோறும் சென்று வினவி ஓர் அரிய செய்தியைக் கண்டார். 1781-இல் சிறுவராயிருந்து நோயுற்றுப் பிழைத்த முதியோரை இம்முறை நோய் தீண்டவில்லை. அக்காலத்தில் நோயுறாது தப்பிய முதியோரையோ அது விட்டுவைக்கவில்லை. ஆகவே, அவர்களைக் காத்தது வயதன்று. 65 ஆண்டு பழமையான ஒரு நினைவேயாம்.

அந்நினைவு உடலில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அது வைக்கப்பட்ட இடத்தையே வேறொரு நோயோ, அந்நோய்க்குத் தரும் மருந்தோ அழித்துவிடுமாயின் நேர்வது யாது? புற்றுநோயாளரைக் குறித்து ஈண்டு நாம் ஆராயப் புகுவது இதுவே.

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கல் தொலைவில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அவ்வழிச் செல்லும் மாணவருள் பலர் அதனைப் பேருந்தின் சன்னல் வழியே கண்டிருப்பர். இறங்கிச் சென்று கண்டவர் சிலரேயாவர். கருநாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவரால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதென்பர். சுற்றிலும் அகழி, அதனுள் வெவ்வேறு உயரத்தில் மூன்று மதில்கள், இடையிடையே அரைவட்டக் கொத்தளங்கள். 1751-ஆம் ஆண்டில் முகம்மதலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் இதனருகே பொருதனர். ஆங்கிலேயர் படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிற்று.

நம் உடலின் காவலும் இத்தகைய அடுக்குக் காவலே. தோலும், மூக்கு தொண்டை முதலியவற்றின் ஈரச்சவ்வும் அகழி போல்வன. அவற்றைக் கடந்து வந்த கிருமியை முதலில் எதிர்ப்பவை, வந்தவர் இன்னாரென வினவாது யாரையும் தாக்கும் வெள்ளணுக்கள். இவை விரைவில் போர் தொடங்குவன. ஆயினும் பகைவன் முகத்தை நினைவில் வைப்பன அல்ல. மூன்றாவது மதிலில் நிற்பவையே நமக்கு ஈண்டு முக்கியமானவை. அவை நிணநீரணுக்கள் எனப்படும். அவற்றுள் பி-அணு என்னும் வகையின கிருமியின் வடிவிற்குப் பூட்டுக்குத் திறவுகோல் போலப் பொருந்தும் எதிர்ப்பொருளை ஆக்குகின்றன. டி-அணு என்னும் வகையின கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்லுகின்றன. போர் முடிந்தபின் இவ்விரு வகையிலும் ஒரு சிறு தொகுதி கலையாது தங்கிவிடும். இவற்றையன்றிப் பி-அணுக்களினின்று முதிர்ந்த பிளாஸ்மா அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சொரிந்துகொண்டேயிருக்கும். ஃபேரோ தீவின் முதியோரை 65 ஆண்டு காத்தவை இவ்வணுக்களே.

கோட்டை உவமை ஓரிடத்தில் பொருந்தாது போகிறது. ரஞ்சன்குடியின் மதில் காவலர் ஒருவருமின்றி இன்றும் நிற்கிறது. உடலின் மதிலோ காவலரே கல்லாக அடுக்கப்பட்ட மதில். காவலர் மாண்டால் மதிலும் இல்லை.

இனி, வைரஸ் என்னும் நச்சுக்கிருமிகள் எல்லாம் ஒரு தன்மையின அல்ல என்பதையும் அறிதல் வேண்டும். பெரியம்மை, மணல்வாரி என்பவற்றின் கிருமிகள் தம் உருவை மாற்றாதவை; ஆதலின் ஒருமுறை பெற்ற நினைவு ஆயுள் முழுதும் பயன்படும். பாட்டியின் மொழி இவற்றிற்கே உரியது. ஜலதோஷம், இன்ஃபுளுயென்சா, கொரோனா முதலியவற்றின் கிருமிகளோ வேடம் மாறி வருவன. அன்றியும் அவற்றைப் பற்றிய நினைவு நம் உடலில் விரைவில் மங்குவது. ஆம்ஸ்டர்டாம் நகரில் நல்ல உடல்நலமுடைய ஆடவர் 10 பேரிடமிருந்து பல்லாண்டுகளாகச் சேமித்துவைத்த இரத்தத்தை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜலதோஷம் தரும் கொரோனாக் கிருமிகள் ஓராண்டு கழிந்த அளவில் அவர்களையே மீண்டும் பற்றியமை பலகால் காணப்பட்டது. ஆகவே, கோவிட் நோய் சிலருக்கு இரண்டாம் முறை வந்ததில் வியப்பொன்றுமில்லை. அக்குலத்தின் இயல்பே அது. மூன்றாவது வகையொன்று உண்டு. அவை வந்தபின் போவதேயில்லை. அவற்றைப் பின்னர்க் கூறுவாம்.

புற்றுநோயென்பது ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுப்பெயர் என்பதை மாணவர் மறத்தலாகாது. மார்பிலோ குடலிலோ கட்டியாய்த் தோன்றும் புற்று நோயெதிர்ப்பின் நினைவை நேரே அழிப்பதில்லை. அத்தகையோருள் பெரும்பாலார்க்குத் தடுப்பூசியும் ஓரளவு நன்றாகவே பயன் தருகிறது. இரத்தப் புற்றுநோய்களின் நிலை வேறு. அவற்றில் காவலரே கலகக்காரராகின்றனர். நிணநீரணுக்களில் தோன்றும் புற்றில், பயனற்ற பி-அணுக்கள் இலட்சக்கணக்கில் பெருகி, நல்லவற்றிற்கு இடமின்றிச் செய்கின்றன. எதிர்ப்பொருளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. மையலோமா என்னும் புற்றிலோ பிளாஸ்மா அணுக்களே கெடுகின்றன. நினைவைக் காக்கும் பண்டகசாலையிலேயே தீப்பற்றியது போலாம் இது.

இதன்மேல் சிகிச்சையின் விளைவும் சேர்கிறது. விரைந்து பெருகும் அணுக்களைக் கொல்லும் கீமோதெரபி மருந்துகள் புற்றணுவையும் காவலணுவையும் வேறுபாடறியா. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமான குழந்தைகளிடம், முன்னர்க் குத்திய மணல்வாரித் தடுப்பூசியின் பயன் பலகால் இல்லாதொழிகிறது. ஆதலின் சிகிச்சை முடிந்து சில திங்கள் சென்றபின் அவர்கட்கு மீண்டும் தடுப்பூசி இடுதல் வழக்கம். ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து பி-அணுக்களின் மேலுள்ள ஓர் அடையாளத்தைப் பற்றி அவற்றை மட்டும் அழிப்பது. மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்களுக்கு அவ்வடையாளமில்லை. எனவே அம்மருந்து பெற்றவர்க்குப் பழைய பகைவரைப் பற்றிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். புதிதாய் வரும் பகைவனைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் மட்டும் ஆறு திங்களோ அதற்கு மேலோ இராது. இக்காலத்தில் இடும் தடுப்பூசி நீரில் எழுதிய எழுத்தாகவே முடியும்.

இக்கூறியவை நூலளவிலான கற்பனையல்ல என்பதை 2020-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. நெதர்லாந்து தேசத்தில் 89 வயது மூதாட்டியொருவர் வால்டன்ஸ்டிரோம் நோய் என்னும் ஒருவகை இரத்தப் புற்றால் பீடிக்கப்பட்டிருந்தார். பி-அணுக்களைக் குறைக்கும் சிகிச்சை அவருக்கு நடந்துவந்தது. அவர் ஜுரமும் கடும் இருமலும் கண்டு மருத்துவமனை சேர்ந்தார். கோவிட் எனச் சோதனையில் தெரிந்தது. 5 நாளில் தேறி வீடு திரும்பினார். சிறிது சோர்வன்றி வேறொரு குறையுமில்லை. பின்னர்ப் புற்றுநோய்க்கு மறுபடியும் கீமோதெரபி தொடங்கினர். தொடங்கிய இரண்டு நாளில், அதாவது முதல் நோய் தோன்றிய 59-ஆம் நாளில், ஜுரமும் இருமலும் மூச்சுத் திணறலும் ஒருங்கே வந்தன. இரத்தத்தைச் சோதித்தபோது கோவிட் கிருமிக்குரிய எதிர்ப்பொருள் இல்லை. முதல் போரின் நினைவு அவருடலில் பதியவேயில்லை போலும்! அம்மூதாட்டி மரணமடைந்தார். மறுமுறைத் தொற்றினால் நேர்ந்த மரணமென்று உலகில் முதலில் எழுதி வெளியிடப்பட்டது இதுவே.

இது மறுமுறைத் தொற்றென்று எங்ஙனம் அறிந்தனர்? முதல் நோயின் கிருமியே ஒளிந்திருந்து எழுந்ததென்று கூறலாகாதோ? இவ்வையம் நியாயமானதே. இரண்டு முறையும் எடுத்த கிருமியின் மரபெழுத்துக்களை முழுதும் படித்து ஒப்பிட்டபோது, 10 இடங்களில் வேறுபாடு இருந்தது. இரண்டு திங்களுக்குள் ஒரே கிருமி அவ்வளவு மாறுதல் அரிதாதலின் வந்தது வேறு கிருமியென்று மருத்துவர் துணிந்தனர்.

நம் தேசத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் மறுமுறைத் தொற்றுக்கு ஓர் எல்லை வகுத்தனர். முதற்சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையே 102 நாளேனும் கழிந்திருத்தல் வேண்டும். இடையில் ஒருமுறை கிருமி இல்லையெனத் தெரிந்திருத்தலும் வேண்டும் என்பது அது. 2020-இல் இரண்டு முறை கிருமியுண்டெனத் தெரிந்த 1,300 பேரை இவ்வளவுகோலால் அளந்தபோது, மறுமுறைத் தொற்றெனக் கொள்ளத்தக்கவர் 58 பேர், நூற்றுக்கு 4.5. இதனைக் கொண்டு கோவிட் கண்டவருள் நூற்றுக்கு 4.5 பேர் மறுமுறை நோயுறுவர் எனக் கூறுதல் பிழையாகும். இருமுறை கிருமி காணப்பட்டோருள் எத்தனை பேர் உண்மையில் மறுமுறை தொற்றியவர் என்பதே அக்கணக்கு. புள்ளிவிவரம் பயிலும் மாணவர் இத்தகைய இடங்களில் பகுதியெண் யாதென நோக்கப் பழகுதல் நன்று. நிற்க. இவ்வளவுகோலை அந்நெதர்லாந்து மூதாட்டிக்கு வைத்துப் பார்ப்போமாயின், 59 நாளே ஆனமையால் அவர் கணக்கில் சேரார். நாட்டு மக்கள் அனைவரையும் எண்ணுவதற்கு வகுத்த எல்லை பொதுவில் தக்கதே. நினைவிழந்த உடலுடையார்க்கோ அது போதாது.

இதற்கு நேர்மாறான செய்தியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் நிணநீரணு வகை இரத்தப் புற்றுடைய 71 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கோவிட் கிருமி தொற்றிற்று. அவருக்கு இருமலில்லை, ஜுரமில்லை. ஆயினும் 70 நாள் வரை அவரிடமிருந்து உயிருள்ள கிருமி வெளிவந்துகொண்டிருந்தது. கிருமியின் மரபுப்பொருள் 105 நாள் வரை காணப்பட்டது. இது மறுமுறைத் தொற்றன்று. முடியாத முதல் தொற்று. இங்கிலாந்தில் நிணநீர்ப் புற்றுக்கு ரிட்டுக்சிமாப் பெற்ற ஒருவரிடம் 101 நாள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பிறருடைய எதிர்ப்பொருள் கலந்த இரத்தநீரை அவருக்குச் செலுத்தியதன் பின் கிருமி தன் உருவை மாற்றிக்கொண்டு தப்பிய விதம் தெளிவாயிற்று. அரைகுறைக் காவல் கிருமிக்குப் பள்ளிக்கூடமாகிறது. ஆகவே, ஒரு புற்றுநோயாளரைத் தொற்றினின்று காப்பது அவர்க்கு மட்டும் செய்யும் உதவியன்று. ஊரார் தமக்கே செய்துகொள்ளும் உதவியுமாம்.

ஆறுதல் தருவதொன்றும் உண்டு. பி-அணுக்கள் முற்றும் இல்லாத இரத்தப் புற்றுநோயாளருள்ளும் பலர் கோவிட் நோயினின்று பிழைத்தனர். 2021-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இதன் காரணத்தை விளக்கிற்று. டி-அணுக்கள் மிகுதியாயிருந்தவர் எதிர்ப்பொருளின்றியும் பெரிதும் தப்பினர். ஒரு மதில் வீழ்ந்தவிடத்து மற்றொரு மதில் தாங்கியது என்க. எதிர்ப்பொருள் உண்டாகாதென்று கருதித் தடுப்பூசியையே வேண்டாவெனத் தள்ளுவோர் இதனை நோக்குதல் வேண்டும்.

இனி, போகாது தங்கும் கிருமிகளைக் குறித்துக் கூறுவாம். நம் சிற்றூர்களில் மிகுதியும் பயன்படத்தக்கது இப்பகுதியே.

அக்கி என்னும் நோயை அறியாத தமிழர் இலர். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கச்சை கட்டினாற்போல் கொப்புளங்கள் வரிசையாய் எழும்; எரிச்சல் பொறுக்கவொண்ணாதது. நம் ஊர்களில் குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளுதல் நெடுநாள் வழக்கம். இந்நோய் புதிதாய் வெளியிலிருந்து வருவதன்று. இளமையில் கொப்புளிப்பான் என்னும் சின்னம்மை கண்டபோது புகுந்த கிருமியே, அம்மை இறங்கியபின் முதுகந்தண்டின் அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் சென்று ஒடுங்கி, முப்பதோ ஐம்பதோ ஆண்டு உறங்கிக் கிடக்கிறது. டி-அணுக்கள் வாயிலிற் காவல் நிற்கும் வரையில் அது வெளிவருவதில்லை. முதுமையாலோ, புற்றுநோயாலோ, மருந்தாலோ காவல் தளருங்கால் நரம்பின் வழியே இறங்கித் தோலில் வெளிப்படுகிறது. கொப்புளங்கள் ஒரு நரம்பின் எல்லையைக் கடவாது ஒரு புறமாகவே நிற்பதன் காரணம் இதுவே. பகைவன் மதிலேறி வரவில்லை. கோட்டைக்குள்ளேயே நிலவறையில் இருந்தான்.

நலமுடையார்க்கு அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே ஆறும். குயவர் எழுத்துக்குப் புகழ் வந்த வகையும் அதுவேயாம். அவ்வெழுத்தால் கேடில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்க்கு நாம் கூறுவது ஒன்று. கீமோதெரபி பெறுபவர்க்கு அக்கி ஒரு நரம்போடு நில்லாது உடல் முழுதும் பரவி, நுரையீரலையும் ஈரலையும் பற்றுதல் உண்டு. அதனை அடக்கும் அசைக்ளோவிர் முதலிய மருந்துகளை முதற்கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குதல் சிறந்தது. மூன்று நாள் காவி எழுதிப் பார்ப்போம், பிறகு டாக்டரிடம் போவோம் என்னும் இடத்தில் அம்மூன்று நாளே கைநழுவுகின்றன. காவியில் விஷமில்லை, காத்திருத்தலிலேதான் உளது. அன்றியும் அக்கிக் கொப்புளத்தின் நீரில் உயிருள்ள கிருமி இருப்பதால், சின்னம்மை காணாத குழந்தைக்கு அது சின்னம்மையாகத் தொற்றும்.

சின்னம்மை கண்ட வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகுவதும், அயலார் உட்புகாதிருப்பதும், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை நோயாளி வெளிச்செல்லாதிருப்பதும் நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். நோயைத் தனிப்படுத்துதலில் இதனினும் எளிய முறையைச் சுகாதார இலாகாவும் கண்டதில்லை. ஆயின் இரத்தப் புற்றுக்கு மருந்துண்ணும் குழந்தைக்கு அம்மை கண்டாலோ, அம்மை கண்ட வீட்டில் அக்குழந்தை இருந்தாலோ, கொப்புளம் முற்றட்டும் என்று பார்த்திருத்தல் ஆகாது. அன்றைய தினமே சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் அறிவித்தல் வேண்டும். மணல்வாரியோ இன்னும் வஞ்சகமானது. மணல்வாரியின் செந்தடிப்பு, கிருமியை டி-அணுக்கள் தாக்கும் போரின் அடையாளம். டி-அணுக்கள் குன்றியவர்க்குத் தடிப்பே தோன்றாது நுரையீரல் மட்டும் வெந்து போதல் உண்டு. தடிப்பில்லாது நுரையீரல் அழற்சியால் இறந்த குழந்தைகளின் உடலில் மணல்வாரிக் கிருமி இருந்தமையை எண்டர்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவர் துணைவரும் 1959-இல் கண்டனர். போரில்லாத ஊரில் புகையும் எழாது. அதனால் பகையில்லை என்று கொள்ளலாகாது.

ஈரலில் தங்கும் மஞ்சட்காமாலைக் கிருமி பி-வகையும் இத்தன்மையதே. நம் தேசத்தில் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை இக்கிருமியை அறியாமலே உடலில் சுமக்கின்றனர். ரிட்டுக்சிமாப் முதலியன பெறுங்கால் அது விழித்தெழுந்து ஈரலை அழித்து உயிரையே கொள்ளுதல் கூடும். பல்லாண்டுகட்கு முன் நீங்கியதென நினைத்த தொற்றும் இவ்வாறு மீள்வதுண்டு. இரத்தத்தைச் சோதித்தறிந்து, வேண்டுவோர்க்கு முன்கூட்டியே மருந்தளித்தால் இத்துன்பம் பெரிதும் தடுக்கப்படும். கீழாநெல்லி போதுமே என்பார் உளர். சென்னையில் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் பிறரும் சேர்ந்து நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது உண்மை. பின்னர்ப் பிறர் செய்த ஆராய்ச்சிகளில் அப்பயன் கிட்டவில்லை என்பதும் உண்மை.

2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கு உழைத்த தொழிலாளர் தத்தம் ஊர் திரும்பினர். அவர்கள் வழியே அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நோய் திடீரெனப் பெருகிற்று. ரஞ்சன்குடியின் அருகே செல்லும் பெருவழி சேனைகளுக்கு மட்டுமன்றிக் கிருமிக்கும் வழியாயிற்று. அவ்வழியிலேயே புற்றுநோயாளரும் சிகிச்சைக்குச் செல்லுதல் வேண்டும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருச்சிராப்பள்ளி மருத்துவமனைகள் என எங்குச் செல்வதாயினும் கூட்டத்தில் அமர்ந்தே செல்லுதல் நேரும். அரியலூரில் 2022-இல் அரசினர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றமை இவ்வட்டாரத்தார்க்குச் சில தேவைகளில் பயணத்தைக் குறைத்தது.

தொற்றுக்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிடுதல் அதனினும் கொடிது. இந்தியாவில் புற்றுநோய் மருத்துவமனைகள் 41-இல் எடுத்த கணக்கின்படி, 2019-இல் மார்ச்சு முதல் மே முடியப் புதிதாய்ப் பதிந்த நோயாளர் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று திங்களில் 51,760 பேரே. வாராதொழிந்த அறுபதினாயிரவரின் புற்று ஊரடங்கை மதித்து வளராது நின்றிராது.

ஆயின் செய்யத்தக்கது யாது? நோயாளியின் உடலில் மதில் இல்லாதபோது, அவரைச் சூழ்ந்திருப்போரே மதிலாதல் வேண்டும். நம் ஊரில் ஒருவர் கீமோதெரபி பெற்று வீடு திரும்பினாரெனில், மாமன், மச்சான், அத்தை, பங்காளி என உறவின்முறையார் யாவரும் பழமும் ஹார்லிக்சும் கொண்டு நலம் விசாரிக்க வருவர். வாராதவர்மேல் வருத்தம் பல்லாண்டு நிற்கும். இவ்வன்பைக் குறைகூற நாம் துணியோம். எனினும் மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்து நிற்கும். அந்நாட்களில் மூக்கொழுகும் பேரப்பிள்ளையை மடியில் வைப்பதும், சிறிய அறையில் பதின்மர் கூடுவதும் தகா. அம்மை வீட்டின் வேப்பிலைக் கொத்தை இவ்வீட்டு வாயிலிலும் செருகிவைத்தால், யாரும் யாரையும் நோகாமல் திரும்பிச் செல்வர் என்று நமக்குத் தோன்றுகிறது.

தடுப்பூசியைக் குறித்து ஒரு வேறுபாடு அறியத்தக்கது. 1899-இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையத்தில் ஆக்கப்பெற்ற அம்மைப்பால் உயிருள்ள கிருமியைக் கொண்டது. மணல்வாரி, சின்னம்மை ஆகியவற்றின் ஊசிகளும் வலிமை குறைத்த உயிர்க்கிருமியாலானவை; சிகிச்சை நடக்குங்கால் நோயாளிக்கு அவை ஆகா. இன்ஃபுளுயென்சா ஊசியும், கோவிட் நோய்க்கு நம் தேசத்தில் பெரிதும் இடப்பட்ட கோவாக்சின், கோவிஷீல்டு என்பனவும் உடலிற் பெருகும் கிருமியைக் கொண்டனவல்ல. ஆதலின் இத்தகையன நோயாளிக்கு ஆகும். 2021 மார்ச்சு 1-ஆம் தேதி முதல் 45 வயது கடந்த நோயாளர்க்கு முன்னுரிமை அளித்தபோது, அரசினர் வகுத்த 20 நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருந்தது. வீட்டிலுள்ள பிறர் தமக்குரிய ஊசிகளை, மணல்வாரி ஊசி உட்பட, தவறாது இட்டுக்கொள்ளலாம், இட்டுக்கொள்ளுதலே கடன். விலக்கு ஒன்றுண்டு. போலியோவுக்கு வாயில் விடும் சொட்டுமருந்தின் கிருமி குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளிப்படுமாதலின், நோயாளி இருக்கும் வீட்டுக் குழந்தைக்கு அதற்கு மாற்றாகப் போலியோ ஊசியே இடத்தக்கது. முகாமிற்குச் செல்லுமுன் இதனைச் செவிலியரிடம் கூறுதல் வேண்டும்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர் நிலை இவை எல்லாவற்றினும் தனித்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடந்துவருகிறது. பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துப் பிறருடைய வித்தணுக்களைச் செலுத்துவர். அவ்வணுக்கள் வேரூன்றிப் புதிய இரத்தம் ஊறத் தொடங்கும். பழைய நினைவுகளோ பெரும்பாலும் போய்விடும். நாற்பது வயது ஆடவரும் நோயெதிர்ப்பில் அன்று பிறந்த மகவை ஒப்பர். இளமையில் இட்ட ஊசிகள் அனைத்தையும் மறுபடி முதலிலிருந்து இடத் தொடங்குவர்: இன்ஃபுளுயென்சா, தொண்டை அடைப்பான், இசிவு, கக்குவான் முதலியவற்றிற்கு உரியன சில திங்கள் சென்றபின்; மணல்வாரிக்குரியது 24 திங்கள் கழிந்து, காவலணுக்கள் தேறினவென்று மருத்துவர் கண்ட பின்னரே. அதுகாறும் அவர் மணல்வாரி பரவும் ஊரில் விருந்துக்குச் செல்லலாகாது. அவர் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அவ்வூசி இட்டவராயிருத்தல் வேண்டும்.